மாடல் ரயில் லேஅவுட்டில் டெல்டாத் தண்ணீர்: படுகை முதல் அலை வரை

லேஅவுட்டில் ஆறு, வாய்க்கால், குளம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ரெசின் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்) பாட்டிலைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதைத் திறக்க வேண்டியது ஏறக்குறைய கடைசியில். கெட்டுப்போன தண்ணீரை நண்பர்கள் லேஅவுட்டில் நிறையப் பார்த்துவிட்டேன், என்னுடையதிலும் பார்த்திருக்கிறேன். ஊற்றியதில் தப்பு நடந்தது குறைவு. ஊற்றுவதற்கு முன் செய்யாமல் விட்டதில்தான் கோளாறு இருந்தது. அதனால் இங்கே வரிசையைத்தான் வலியுறுத்துகிறேன். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

அளவுகள் எல்லாம் 1:87-க்கு, அதாவது ஹெச்ஓ ஸ்கேலுக்குச் சொல்கிறேன். மீட்டர் கேஜ் ஓட்டுகிறவர்களுக்கு இதே ஸ்கேலில் 12 மி.மீ. பாதை. 'N' ஸ்கேலில் (1:160) செய்கிறவர்கள் எல்லா அளவையும் ஏறக்குறைய பாதியாக்கிக்கொள்ளலாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் 'ஆறு' என்று பொதுவாக ஒன்று கிடையாது. வைகாசி ஆறு வேறு, ஆடி ஆறு வேறு, தை ஆறு வேறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுகிறது. நீர்வரத்தைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். ஆனால் ஆற்றின் தோற்றம் அந்தக் கணக்கில்தான் மாறுகிறது.

மாசியிலிருந்து வைகாசி வரை என்றால் உங்களுக்குத் தண்ணீர் வேலையே குறைவு. வெள்ளை மணல், நடுவில் இரண்டு மூன்று தேங்கிய குட்டை, ஆடுகள், குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரெசின் ஒரு கைப்பிடி குட்டைக்கு மட்டும் போதும், கெட்டுப்போனாலும் சின்ன இடம்.

ஆனி, ஆடி என்றால் புதுத் தண்ணீர். செம்மண் கலந்த நிறம், ஓரத்தில் தழையும் குப்பையும் நுரையும். அடி துளியும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்ட தண்ணீர், கலங்கல், பக்கத்து வயலெல்லாம் பளபளப்பு. தை மாதம் தண்ணீர் தெளிந்து முழங்கால் அளவுக்கு இறங்கும், அடியில் மணல் வரி வரியாகத் தெரியும்.

இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், மாதத்தைப் பொறுத்துச் செய்முறையே மாறிவிடுகிறது. அடி தெரியாத ஆடித் தண்ணீருக்கு ரெசின் தேவையே இல்லை. நன்றாகப் பெயின்ட் அடித்த பலகையின் மேல் கிளாஸ் ஜெல்லில் (gloss gel, காய்ந்ததும் தெளிவாகப் பளபளக்கும் அக்ரிலிக் பசை) அலை போட்டால் அது ரெசினைவிட நன்றாக இருக்கும், செலவும் கொஞ்சம்தான். அடி தெரியும் தை ஆற்றுக்கும் தெளிந்த குளத்துக்கும்தான் ரெசின்.

சுற்றுப்புறமும் அதே மாதத்தில் இருக்க வேண்டும். ஆறு நிறையத் தண்ணீர், பக்கத்தில் வெடித்துக் கிடக்கும் வயல் என்றால் டெல்டாக்காரன் கண்ணுக்கு உடனே இடிக்கும். வறண்ட ஆற்றுக்குப் பக்கத்தில் பச்சை நாற்றங்கால் வைக்க வேண்டுமானால் மூலையில் ஒரு பம்ப்செட் கொட்டகை வையுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

2. எந்த ஆறு, எவ்வளவு அகலம்

கொள்ளிடத்தை விட்டுவிடுங்கள். ஒரு கிலோமீட்டர் அகலம் என்று எடுத்தால் ஸ்கேலில் 11.5 மீட்டர் வரும். சுருக்கிச் செய்தால் கொள்ளிடம் வாய்க்கால் மாதிரி ஆகிவிடும், பார்க்க வருத்தமாக இருக்கும். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு மாதிரியான கிளை ஆறுகள்தான் பலகைக்கு அடங்கும். 25 மீட்டர் அகலம் என்றால் 29 செ.மீ. 40 அடி கர்டர் (பாலத்தின் உத்தரம்) ஒன்று ஸ்கேலில் 14 செ.மீ. வருகிறது. இரண்டு கர்டர், நடுவில் ஒரு தூண் வைத்தால் பாலம் முடிந்தது.

ஆற்றின் திசையையும் இப்போதே குறித்துவிடுங்கள். டெல்டாவில் ஆறுகள் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பாதையும் பெரும்பாலும் அதே திசையில், ஆற்றை ஒட்டி ஓடுகிறது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் பாதை தெற்கே இறங்குவதால் கிளை ஆறுகளைக் குறுக்கே கடக்கிறது. பாலம் வேண்டுமானால் இரண்டாவது மாதிரி பாதையை எடுத்துக்கொள்வது நல்லது. மேற்கு எது, கிழக்கு எது என்று காட்டப் பலகையின் பின்பக்கம் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். பின்னால் அலை போடும்போது அது தேவைப்படும்.

3. மட்டம் பாருங்கள்

ரெசின் தானாக மட்டம் தேடிக்கொள்ளும். பலகை 60 செ.மீ.க்கு 3 மி.மீ. சாய்ந்திருந்தால் ஒரு ஓரத்தில் படுகை தெரியும், மறு ஓரத்தில் கரையைத் தாண்டி வழியும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி, ஆற்றின் நீளத்திலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். லேஅவுட் எந்த மேசையில், எந்த இடத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிறதோ அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். ஹாலில் மட்டம் பார்த்துவிட்டு மாடியில் கொண்டுபோய் ஊற்றினால் பயனில்லை.

உயரக் கணக்கில் புதியவர்கள் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. வெளியூர்ப் படங்களைப் பார்த்து, தண்ணீர் என்றால் தரைக்குக் கீழே பள்ளத்தில்தான் என்று வெட்டிவிடுகிறார்கள். டெல்டாவில் பாசன வாய்க்கால் வயலைவிட மேட்டில் ஓடும். அப்படி இருந்தால்தானே மடையைத் திறந்ததும் தண்ணீர் தானாக வயலில் இறங்கும்! வடிகால்தான் வயலைவிடத் தாழ்வாக இருக்கும். ஆகவே வாய்க்காலின் நீர்மட்டத்தை வயலைவிட 5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை உயர்த்தி, இரண்டு பக்கமும் கரை கட்டுங்கள். வடிகாலை 10 மி.மீ. தாழ்த்துங்கள். இந்த ஒரு வேலை செய்தாலே லேஅவுட்டைப் பார்ப்பவர், யாரும் சொல்லாமலே, இது நம்ம ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்.

4. கையில் இருக்க வேண்டியவை

அடிப்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட், கரைக்குத் தெர்மாகோல், மேலே பூச வால் புட்டி. ஒட்டுவதற்கு ஃபெவிகால். அக்ரிலிக் பெயின்ட்டில் காவி, மண் பழுப்பு, கரும்பழுப்பு, ஆலிவ் பச்சை, கறுப்பு, வெள்ளை. அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ், அக்ரிலிக் கிளாஸ் ஜெல். தெளிவான எப்பாக்ஸி ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, நைட்ரைல் கையுறை, ரசாயன வாயுவைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க், ரசமட்டம், அகலமான பேக்கிங் டேப்.

நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகுக்குப் பயன்படுத்தும் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது பாலியெஸ்டர் ரெசின். தெர்மாகோலைக் கரைத்துவிடும், நாற்றமும் தாங்காது. லேபிளில் எப்பாக்ஸி என்று இருக்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும், அதைக் கரைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மணலும் வண்டலும் நம் கையிலேயே இருக்கின்றன. ஒரு டம்ளர் ஆற்று மணல் எடுத்துக் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். அப்புறம் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலுக்குள் பலமுறை ஓட்டுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை மணலில் இருந்தால் என்றைக்காவது எஞ்சின் மோட்டாரின் காந்தத்துக்குள் ஏறிவிடும்.

மிச்ச மணலைப் பழைய வேட்டித் துணியில் சலியுங்கள், கீழே விழும் தூள்தான் வேண்டும். கால் மில்லிமீட்டர் மணல்மணிகூட ஸ்கேலில் இரண்டு செ.மீ. ஜல்லியாகத் தெரியும்.

5. படுகை, கரை, தூண், படித்துறை

அடிப்பலகை துண்டுத் துண்டாக இருக்கக் கூடாது. ஆற்றின் முழு நீளத்துக்கும் ஒரே பிளைவுட். இணைப்பு இருந்தால் பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்கும்போது அந்தக் கோட்டிலேயே ரெசின் வெடிக்கும்.

படுகையை ஆழமாகத் தோண்டாதீர்கள். ரெசினின் மொத்தத் தடிமன் 3 முதல் 6 மி.மீ. போதும். ஆழத்தைக் காட்டுவது பெயின்ட்டின் வேலை. புட்டியை ஈரமாக இருக்கும்போதே ஈரத் துணியால் தடவி வழவழப்பாக்குங்கள். தை ஆறு என்றால் பழைய பல்துலக்கும் பிரஷால் குறுக்கே மெல்லிய வரிகள் இழுத்தால் மணல் வரி வந்துவிடும்.

பாலத்தின் தூண் படுகையில் ஊன்றியிருக்க வேண்டும், தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. தூணை இப்போதே ஒட்டுங்கள். கர்டரை ஒட்டாதீர்கள், கழற்ற முடிய வேண்டும். ஊற்றும்போதும் அலை போடும்போதும் கை போவதற்கு இடம் வேண்டும்.

படித்துறைக்கு 2 மி.மீ. அட்டை சரியாக ஒரு படி உயரம். எட்டு படி வைத்தால் கீழிருந்து மூன்றாவது நான்காவது படியோடு தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். கீழ்ப் படிகள் தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிவதைப்போல் ஆழத்தை நம்ப வைப்பது வேறில்லை. தண்ணீரின் வயதைச் சொல்வதும் படித்துறைதான். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் பாசிப் பச்சையை மெல்லிசாக இழுங்கள், நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு படிவரை கரும்பழுப்பு ஈரக் கோடு போடுங்கள்.

புட்டி முழுக்கக் காய இரண்டு நாள், மழைக்காலமென்றால் நாலு நாள் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது பின்னால் ரெசினுக்குள் வெண்மேகமாக வந்து நிற்கும்.

6. நிறம்

நீல பெயின்ட் வாங்கவே வேண்டாம். முதல் முறை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு நீலம் அடித்துவிட்டு, ஏன் நீச்சல் குளம் மாதிரி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆற்றில் தெரிகிற நீலம் வானத்தின் பிரதிபலிப்பு. மேல்பரப்பு பளபளப்பாக இருந்தால் அது தானாக வந்துவிடும்.

ஆடித் தண்ணீருக்கு மண் பழுப்போடு காவியும் ஒரு சொட்டு வெள்ளையும். பாலில்லாத டீ நிறம் இல்லை, பால் ஊற்றிய டீ நிறம். நடு ஓட்டம் ஒரு சாயல் கருமை, ஓரம் வெளிர்.

தை ஆற்றுக்கு ஓரத்தில் சலித்த மணலையே ஃபெவிகாலில் ஒட்டி, நடுவை நோக்கி ஆலிவ் பச்சை, அப்புறம் கரும்பச்சை. நிறங்களுக்கு நடுவே கோடு தெரியக் கூடாது. இரண்டு பெயின்ட்டும் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் நனைத்த அகலமான பிரஷால் ஆற்றோட்டத் திசையில் நீளமாக இழுத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். காய்ந்தபின் கலக்க முயன்றால் திட்டுத் திட்டாக நிற்கும்.

குளத்துக்கு ஏறக்குறைய கறுப்பாகவே போகலாம், கரும்பச்சையும் கறுப்பும். வாய்க்காலுக்கு எப்போதும் பழுப்பு.

பெயின்ட் காய்ந்ததும் ஒருநாள் அப்படியே விட்டு, நின்றபடி பார்க்கும் உயரத்திலிருந்து பாருங்கள். ஊற்றுமுன் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஊற்றியபின் திருத்தவே முடியாது.

7. ஓட்டை அடைப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் வருந்தியவர்கள். ரெசின் தண்ணீரைவிடக் கெட்டியாக இருந்தாலும் மணிக்கணக்கில் காயாமல் நிற்பதால் ஊசித் துளை இருந்தாலும் கண்டுபிடித்து இறங்கிவிடும். என் முதல் லேஅவுட்டில் ராத்திரி ஊற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் பாதி ஆறு தரையில் இருந்தது. தூணைச் சுற்றி நான் விட்ட மயிரிழை இடுக்குதான் காரணம்.

படுகை முழுக்க, கரையில் நீர்மட்டத்துக்கு மேல் 1 செ.மீ. வரை, கிளாஸ் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். தூண், படித்துறை, மூலைகளில் மூன்றாவது கை. இது ஓட்டையையும் அடைக்கும், புட்டிக்குள்ளும் மணலுக்குள்ளும் இருக்கும் காற்றையும் பூட்டிவிடும். அந்தக் காற்றுதான் பின்னால் குமிழாக வரும்.

அப்புறம் இருட்டில் பலகைக்குக் கீழிருந்து டார்ச் அடித்து மேலே பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஓட்டை. தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம், ஈரம் ஏறினால் மறுபடி நாலு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

ஆறு பலகை ஓரத்தில் முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் பேக்கிங் டேப் சுற்றி நிறுத்தி, வெளிப்பக்க இடுக்குகளில் சிலிகான் பூசுங்கள். எப்பாக்ஸி பேக்கிங் டேப்பில் ஒட்டாது, காய்ந்ததும் தகடு சுத்தமாகக் கழன்று வரும்.

8. ஊற்றுமுன் வைப்பவை, ஊற்றியபின் வைப்பவை

தண்ணீருக்குள் வேர்விட்டிருப்பதெல்லாம் முன்னால். தண்ணீர் மேல் மிதப்பதெல்லாம் பின்னால்.

நாணல், கோரை, கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு, படுகையில் கிடக்கும் உடைந்த தென்னை மட்டை இவை முன்னால். நாணலுக்குத் தேங்காய் நார் பிரஷின் மயிரைப் பச்சையும் வைக்கோல் நிறமும் கலந்து நனைத்து, 20 முதல் 30 மி.மீ. உயரத்தில் கொத்தாக நடலாம். ஒவ்வொரு கொத்தின் அடியிலும் வார்னிஷ் தொட்டு வையுங்கள். நார் வழியாக ரெசின் மேலே ஏறி, நாணல் பாதிவரை ஈரமாக மினுக்குவதை அது தடுக்கும்.

ஆகாயத்தாமரை, அல்லி இலை, புதுத் தண்ணீரில் வரும் குப்பை, பரிசல், துணி துவைக்கிறவர்களின் காலைச் சுற்றிய வட்ட அலை இவை பின்னால். ஆகாயத்தாமரை இலை ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மெல்லிய காகிதத்தை இரண்டு பக்கமும் இரண்டு பச்சையில் அடித்து, பொடியாக நறுக்கி, வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். கிளாஸ் ஜெல் தடவிய இடத்தில் தூவி, ஊசிமுனையால் வெளிர் ஊதாப் புள்ளிகள் வைத்தால் பூ. அது எப்போதும் ஓட்டம் தேங்குகிற இடத்தில், தூணுக்குப் பின்னால், மதகுக்கு முன்னால், ஒதுங்கிக் கிடக்கும். நடு ஓட்டத்தில் பரப்பாதீர்கள்.

9. ரெசின் ஊற்றுதல்

நாளும் நேரமும் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை டெல்டாவின் ஈரக்காற்றில் எப்பாக்ஸி மேல் பிசுபிசுப்பான மங்கல் படலம் படியும். சித்திரை, வைகாசி வெயிலில் கப்பிலேயே சூடேறி இறுகிவிடும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் சுமார் 25 டிகிரிக்கானது, 35 டிகிரியைத் தாண்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. தை கடைசி முதல் பங்குனி தொடக்கம் வரை, காலை எட்டு மணிக்கு மேல், பனி ஈரம் விலகியபின் ஊற்றுவது எனக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

ராத்திரி விளக்கு போட்டு ஊற்றவே வேண்டாம். சம்பா வயல் பக்கத்தில் இருக்கிற வீடுகளில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனையும் ரெசினில்தான் விழும்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 25 செ.மீ., தடிமன் 3 மி.மீ. என்றால் 60 × 25 × 0.3 = 450 மில்லி. எடையில் ஏறக்குறைய 495 கிராம். பாட்டிலில் எடைக்கு 2:1 என்று இருந்தால் ரெசின் 330, ஹார்டனர் 165. விகிதம் எடைக்கா அளவுக்கா என்று லேபிளில் தெளிவாகப் படியுங்கள், இரண்டும் ஒன்றில்லை. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூட்டினாலும் குறைத்தாலும் ஒட்டுகிற பசையாகவே நின்றுவிடும், என்றைக்கும் காயாது.

கையுறை, மாஸ்க் போட்டு, ஜன்னல் திறந்து வேலை செய்யுங்கள். கலக்காத ரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமை வந்துவிடும். இதில் அலட்சியம் வேண்டாம்.

மெதுவாக ஐந்து நிமிடம் கலக்குங்கள், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து. வேகமாக அடித்தால் காற்று புகும். அப்புறம் வேறொரு சுத்தமான கப்பில் மாற்றி இன்னும் இரண்டு நிமிடம். முதல் கப்பின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பதுதான் பின்னால் காயாத திட்டாக வருகிறது. 500 கிராமையும் ஒரே கப்பில் கலக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். குவிந்து கிடந்தால் சீக்கிரம் சூடேறும்.

ஒரு ஊற்றுக்கு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டாவது ஊற்று. முதல் ஊற்றில் ரெசினுக்கான நிறமிப் பசையில் பழுப்பு ஒரு குண்டூசி முனை அளவு கலந்தால் லேசான கலங்கல் கிடைக்கும், மேல் ஊற்றைத் தெளிவாக விடுங்கள். முதல் ஊற்று நன்றாக இறுகிவிட்டிருந்தால் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்த பிறகு ஊற்றுங்கள். கீறலுக்குப் பயப்பட வேண்டாம், அடுத்த ரெசின் நனைத்ததும் மறைந்துவிடும்.

நடுவில் ஊற்றி, ஐஸ் குச்சியால் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஹேர் டிரையரை ஒரு முழ உயரத்தில், குறைந்த காற்றில், நிற்காமல் ஓட்டினால் குமிழ்கள் மேலே வந்து உடையும். லைட்டர் தீயைக் காட்டாதீர்கள், கீழே தெர்மாகோல் இருக்கிறது. கடைசியாக ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி, 24 மணி நேரம் திறந்து பார்க்காமல் இருங்கள். ஃபேன் காற்றும் தூசியும் படக் கூடாது. முழு இறுக்கம் வர மூன்று நாள் ஆகும்.

10. அலை

ரெசின் காய்ந்தபின் கண்ணாடி மாதிரி இருக்கும். குளத்துக்கு அது சரி. ஓடுகிற ஆற்றுக்குச் சரியில்லை. பாதி காய்ந்த ரெசினில் குச்சியால் அலை இழுக்கப் பார்க்கிறார்கள், ரெசின் மறுபடி மட்டமாகிவிடும் அல்லது நூல் நூலாக வரும். மூன்று நாள் பொறுத்து, மேலே கிளாஸ் ஜெல் தடவுங்கள்.

அகலமான தட்டைப் பிரஷில் ஒரு மி.மீ. தடிமனுக்குப் பூசி, பிரஷை ஒற்றி ஒற்றி எடுங்கள். டெல்டா ஆற்றில் சரிவு மிகக் குறைவு, அலை உயரமாக எழும்பாது. அரை மி.மீ. மேடு பள்ளம் போதும். இரண்டு மி.மீ. முகடு வைத்தால் அது ஸ்கேலில் 17 செ.மீ. அலை, கடல் மாதிரி ஆகிவிடும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒற்றாதீர்கள். கரையோரம் ஏறக்குறைய சும்மா விடுங்கள். தூணுக்கு மேற்பக்கம், தண்ணீர் வந்து மோதும் இடத்தில், ஜெல்லைக் கொஞ்சம் குவியுங்கள். கீழ்ப்பக்கம் இரண்டு கோடு விரிந்து போகட்டும், நடுவில் சின்னச் சுழல். அம்புக்குறியை இப்போது ஒருமுறை பாருங்கள். தெரிந்த தம்பி ஒருவர் அழகாகத் தூண் அலை போட்டுவிட்டு, "அண்ணே, ஏதோ இடிக்குது" என்றார். ஆறு கடலிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது.

ஃபெவிகாலையோ மாட் பாட்ஜ் (Mod Podge) என்ற கைவினைப் பசையையோ மேல்பரப்பாக விடாதீர்கள். காய்ந்ததும் தெளிவாகத்தான் இருக்கும். அடைமழைக் காலத்தில் ஈரம் குடித்து ஃபெவிகால் வெளுக்கும், மாட் பாட்ஜ் பிசுபிசுக்கும், தூசி ஒட்டிக்கொள்ளும். எதைப் பூசினாலும் கடைசிக் கை அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷாக இருக்கட்டும்.

11. மதகும் நுரையும்

ரெகுலேட்டர் ஷட்டருக்கு அடியிலிருந்து பீறிடும் தண்ணீரை நேராக அங்கேயே செய்ய முடியாது. தெளிவான பிளாஸ்டிக் ஃபைல் உறையில் கிளாஸ் ஜெல்லை நாலு செ.மீ. நீளக் கோடுகளாகப் பக்கம் பக்கமாக இழுத்து, ஒருநாள் காய வைத்து உரியுங்கள். வளையும் தண்ணீர்த் தகடு கிடைக்கும். ஷட்டர் அகலத்துக்கு வெட்டி ஜெல்லால் ஒட்டுங்கள்.

விழுகிற இடத்தில் ஜெல்லோடு ஒரு துளி வெள்ளை கலந்து ஒற்றுங்கள். மேடுகளின் மேல் மட்டும், ஏறக்குறைய காய்ந்த பிரஷில், வெள்ளை தேய்க்க வேண்டும். ஒரு ஜாண் தூரத்துக்குள் நுரை தேய்ந்து மறைந்துவிட வேண்டும். புதுத் தண்ணீர் என்றால் வெள்ளையில் கொஞ்சம் காவி கலந்துகொள்ளுங்கள், அந்த நுரை சுத்த வெள்ளையாக இருக்காது.

12. வயலில் நிற்கும் தண்ணீர்

நடவு வயலில் தண்ணீர் ஐந்து செ.மீ. நிற்கிறது என்று வைத்தால் ஸ்கேலில் 0.6 மி.மீ.தான். இதற்கு ரெசின் ஊற்றினால் வயல் குளமாகிவிடும்.

வண்டல் தூள், பழுப்பு பெயின்ட், ஃபெவிகால் மூன்றையும் சேறாகக் குழைத்து வரப்புக்குள் பரப்புங்கள். பாதி காய்ந்ததும், பச்சை நனைத்த சணல் நாரை 3 மி.மீ. நீளத்தில் நறுக்கி, இடுக்கியால் இரண்டரை மி.மீ. இடைவெளியில் நடுங்கள். பொறுமை வேண்டும். ஒரு உள்ளங்கை அளவு வயலுக்கு ஒரு சாயங்காலம் ஆகும். முழுக்கக் காய்ந்தபின் கிளாஸ் வார்னிஷைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து வரிசைகளுக்கு நடுவே விடுங்கள், தானாகப் பரவிக்கொள்ளும். பிரஷ் போட்டால் நாற்று சாயும். இரண்டு மூன்று முறை விட்டால் வானம் தெரியும் வயல் கிடைத்துவிடும். ஒரு மூலையில் வார்னிஷ் விடாமல் ஈரச் சேறாகவே விட்டு, அங்கே இரண்டு கொக்கு வையுங்கள்.

13. தவறிவிட்டால்

மேலே பிசுபிசுப்பான மங்கல் படலம்: மூன்று நாள் கழித்து, மிதமான சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்து துடையுங்கள், அது கரைந்துவிடும். மங்கல் போகாவிட்டால் லேசாகத் தேய்த்து வார்னிஷ் ஒரு கை.

ஒரு திட்டு மட்டும் காயவில்லை: இரண்டு நாளாகியும் விரல் ஒட்டினால் இனி காயாது. அந்தப் பசையைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சரியான விகிதத்தில் மெல்லிய ஊற்று ஒன்று ஊற்றுங்கள்.

கரையில் ரெசின் ஏறிப் பளபளக்கிறது: இரண்டு மி.மீ. வரை ஏறுவது இயல்பு. கரைமண் நிறத்தில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் கலந்து அடித்து, சலித்த தூளைத் தூவினால் மறைந்துவிடும். ஈரக் கோட்டுக்காக ஒரு மி.மீ. மட்டும் மினுக்க விடுங்கள்.

பூச்சியோ தூசியோ விழுந்தது: இறுகும்முன் இடுக்கியால் எடுக்கலாம். இறுகிவிட்டால் அந்த இடத்தில் ஆகாயத்தாமரை வையுங்கள்.

மிச்ச ரெசினைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். லேஅவுட்டை ஜன்னல் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள், எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும்.

எல்லாம் காய்ந்தபின் கர்டரைத் திரும்ப வைத்து, தண்டவாளத்தின் மேல் ஸ்பிரிட் தொட்ட துணியை ஓட்டுங்கள். வார்னிஷ் துளி ஒன்று பட்டிருந்தாலும் மின்சாரம் தடைபட்டு எஞ்சின் பாலத்தின் நடுவில் நிற்கும். பெட்டிகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் முதலில் மெதுவாக ஓட்டுங்கள். கர்டர் இணைப்பில் சக்கரம் தட்டாமல் இரண்டு பக்கமும் போய் வந்தால் பெட்டிகளை மாட்டலாம்.